பழைய டி.டி.ஏ.வா, டி.எஸ்.சி.யா? பீடோர் ஆய்வுக்கூடக் கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள்; கொஞ்சம் தள்ளிப் போனால் கயோலின் களிமண் வெட்டுகிறார்கள். எங்கள் சின்ன ஆய்வுக்கூடத்துக்குப் பெரும்பாலும் எண்ணெய் வரும், எப்போதாவது களிமண். புதுக் கருவிக்குப் பணம் ஒதுக்கியபோது இன்னொரு டி.டி.ஏ.வா, வெப்ப ஓட்ட வகை டி.எஸ்.சி.யா என்ற பேச்சு எழுந்தது. இரண்டும் மாதிரியைச் சூடாக்கி, அது எங்கே வெப்பத்தை உறிஞ்சுகிறது, எங்கே உமிழ்கிறது என்று வளைவாகக் காட்டுபவை. டி.டி.ஏ. மாதிரிக்கும் ஒப்புப்பொருளுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை அளக்கும்; டி.எஸ்.சி. வெப்பத்தின் அளவையே ஜூலில் சொல்லும். நான் டி.எஸ்.சி. கட்சி. வாங்கியதும் அதைத்தான்.

விலை, மென்பொருள் எல்லாம் விற்பவரே சொல்லிவிடுவார். என்னைப் பொறுத்தவரை விஷயம் அளவுத்திருத்தம்தான், அதாவது குணம் தெரிந்த பொருளை ஓட்டிக் கருவியின் எண்களைச் சரிசெய்வது.

டி.டி.ஏ.வில் உலைச் சுவரின் வெப்பம் வாயு, மூசை (மாதிரியை வைக்கும் சிறு கலம்), மாதிரித்தூள் எல்லாவற்றையும் தாண்டித்தான் வெப்பநிலையை உணரும் தெர்மோகப்பிளுக்கு வருகிறது. வெப்பத்தின் அளவை வளைவின் பரப்பை வைத்துத்தான் கணிக்கிறோம். தூளை இறுக்கி அடைத்தால் வளைவுக்கு ஒரு பரப்பு, தளர்வாக அடைத்தால் வேறு பரப்பு. சூடு ஏற ஏறக் கதிர்வீச்சும் சேர்ந்துகொள்ள, அதே ஜூலுக்குப் பரப்பு சுருங்கும். 156.6 டிகிரியில் இண்டியம் என்ற உலோகத்தை உருக்கி எடுத்த, பரப்பை ஜூலாக மாற்றும் மாறிலி 500 டிகிரியில் செல்லாது; வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் என்று வரிசையாகப் போட வேண்டும். தெர்மோகப்பிளை மாதிரிக்கு வெளியே வைத்தால் இந்தத் தொல்லை குறையும் என்று 1955-இல் பூர்ஸ்மா காட்டினார். வெப்ப ஓட்ட டி.எஸ்.சி. அந்த வழியில் வந்தது. அதில் வெப்பம் கிண்ணத்துக்கு அடியிலுள்ள தட்டு வழியாக ஓடுவதால் மாதிரியின் குணம் அவ்வளவாகத் தலையிடாது.

காலையில் இண்டியம் ஒன்று போட்டால் கருவியின் உடல்நிலை தெரிந்துவிடும். உருகத் தொடங்குவது 156.6-இல், பரப்பு கிராமுக்கு 28.5 ஜூல் பக்கம் இருக்க வேண்டும். வளைவின் முன்விளிம்பையும் நான் பார்ப்பேன். அதன் சாய்வு தளர்ந்திருந்தால் கிண்ணத்தைத் திருப்பிப் பாருங்கள். மூடியை அழுத்தும்போது அடிப்பகுதி லேசாக உப்பி, தட்டில் படியாமல் நின்றிருக்கும்.

எண்ணெய் வேலையெல்லாம் 60 டிகிரிக்குக் கீழே என்பதால் இன்னொரு புள்ளியும் தேவை. காலியம் 29.8-இல் உருகும், ஆனால் அலுமினியக் கிண்ணத்தை அரித்துவிடும். அதனால் மூடிய கிண்ணத்தில் காய்ச்சி வடித்த நீர், அதுவும் சூடேற்றும்போது மட்டும். குளிர்விக்கும்போது பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல் அடம்பிடிக்கும். அப்புறம், மாதிரியை எந்த வேகத்தில் ஓட்டுவீர்களோ அதே வேகத்தில் திருத்துங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு உலர்ந்த நைட்ரஜனை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் உள்ளே பனி படியும்.

டி.எஸ்.சி.யில் இன்னொரு வகையான மின்திறன் ஈடுசெய்யும் கருவியை நான் அதிகம் தொட்டதில்லை. அதில் மாதிரிக்கும் ஒப்புப்பொருளுக்கும் தனித்தனியாக உள்ள இரண்டு குட்டி உலைகளையும் ஒரே சீராகச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

பழைய டி.டி.ஏ.வை விற்கவில்லை. அலுமினியக் கிண்ணம் 660-இல் உருகிவிடும். கயோலின் வெப்பம் உமிழும் உச்சியோ 980 பக்கம். அதற்குப் பழையதுதான். அதில் ஜூல் கணக்குச் சொல்லமாட்டேன், உச்சி எங்கே வருகிறது என்பதோடு சரி. வெப்பநிலையைச் சரிபார்க்கத் தனிப்பொருளும் வேண்டியதில்லை. களிமண்ணில் குவார்ட்ஸ் கலந்திருந்தால், ஒருமுறை சுட்டதை ஆறவிட்டு மறுபடி ஓட்டினால் 573-இல் அதன் சின்ன மேடு தனியாகத் தெரியும்.