லென்ஸ் இல்லாமல் வந்த ஆக்ஸ்ஃபர்டு அகராதி: 1971 காம்பேக்ட் பதிப்பு வாங்கலாமா?

பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் (பெயர் வேண்டாம், இன்னும் அவரிடம்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்) போனில், "சார், ஆக்ஸ்ஃபர்டு பெரிய டிக்‌ஷனரி, ரெண்டு வால்யூம், பெட்டியோட இருக்கு, மேல குட்டி டிராயர்கூட உடையாம இருக்கு" என்றார். டிராயர் என்றதுமே 1971இல் வந்த காம்பேக்ட் பதிப்பு என்று புரிந்துவிட்டது. 4,500 ரூபாய். பேரம் பேசிக்கொண்டிருந்தால் வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் கேட்டதை அப்படியே அனுப்பிவிட்டேன். பார்சல் வந்ததும் முதல் வேலையாக டிராயரைத் திறந்தேன். உள்ளே இரண்டு அந்துருண்டை. அதில் இருக்க வேண்டிய லென்ஸைக் காணோம். போன் போட்டுக் கேட்டால், "டிராயர் இருக்குன்னுதானே சார் சொன்னேன்" என்கிறார். அதுவும் நியாயம்தான்.

லென்ஸுக்கு ஏன் இவ்வளவு கவலை என்றால், அது இல்லாமல் இந்தப் புத்தகம் வெறும் செங்கல். ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதிக்கான பேச்சு 1857இல் தொடங்கி, முதல் பகுதி 1884இல் வெளிவந்து, வேலை முடிந்தது 1928இல். 1933இல் ஒரு பிற்சேர்க்கையோடு சேர்த்து 13 தொகுதிகளாக அச்சிட்டார்கள். நான்கு லட்சத்துக்கும் மேல் சொற்கள், பதினெட்டு லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். அதையெல்லாம் போட்டோ பிடித்துச் சுருக்கி, பழைய நான்கு பக்கத்தை ஒரே பக்கத்தில் அடைத்து, இரண்டே தொகுதியாக்கியதுதான் இந்தக் காம்பேக்ட். வெறும் கண்ணால் பார்த்தால் எறும்பு வரிசை. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு எறும்புகூடத் தெரியாது, சாம்பல் பூச்சுதான். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் சொருகிக்கொள்ளும் லென்ஸை முதலில் முயன்றேன், பத்து நிமிடத்தில் தலைவலி வந்தது. கடைசியில் தபால்தலை சேகரிப்பவர்கள் வைத்திருக்கும், அடியில் விளக்கு எரிகிற லென்ஸ்தான் சரிப்பட்டது. மடியில் வைத்துப் படிக்க நினைக்காதீர்கள், கால் மரத்துப்போகும்.

சரி, ஏன் வாங்கினேன்? என் வேலை ஆங்கில ஆவணங்களுக்குப் பிழை திருத்துவது. இருபது வருடமாக "இது தப்பு, அது சரி" என்று சிவப்பு மையில் கோடு போட்டுச் சம்பாதிப்பவன். "டூ தி நீட்ஃபுல்" (ஆவன செய்யவும்) என்று எவனாவது எழுதினால் "இந்தியத்தனம்" என்று ஓரத்தில் குறிப்பு எழுதி அடித்துவிடுவேன். அது வெள்ளைக்காரன் தன் ஊரிலேயே எழுதிப் புழங்கிவிட்டு, பிறகு அவன் மறந்து, நாம் விடாமல் வைத்துக்கொண்ட பிரயோகம் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. இந்த அகராதி எது சரி என்று சொல்ல வருவதில்லை. ஒரு சொல்லை எந்தக் காலத்தில் யார் எந்தப் பொருளில் எழுதினார்கள் என்று ஆண்டு போட்டு வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சிவப்புப் பேனாக்காரனுக்கு இது கொஞ்சம் கஷ்டமான புத்தகம்.

படிக்கப் பழக இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதன் பழைய எழுத்துவடிவங்கள், அவற்றுக்கு முன்னால் 1, 3-5, 4-7 என்று மொட்டை எண்கள். ஏதோ அடிக்குறிப்பு எண் என்று நினைத்துப் பக்கத்தின் அடியில் தேடிக்கொண்டிருந்தேன். நூற்றாண்டாம். 4-7 என்றால் 14ஆம் நூற்றாண்டிலிருந்து 17 வரை, 1 என்றால் 1100க்கு முன்னால் எல்லாம். இறந்துபோன பொருளுக்கு முன்னால் ஒரு சின்னச் சிலுவைக் குறி. சில சொற்களுக்கு ஏழெட்டுச் சிலுவை. சுடுகாட்டைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி இருக்கும், ஆனால் சலிக்காது.

நான் முதலில் எடுத்தது "ஸ்டார்வ்". நமக்குத் தெரிந்தது பட்டினி கிடப்பது. பழைய ஆங்கிலத்தில் அது வெறும் சாவு, எப்படிச் செத்தாலும் அதுதான். ஜெர்மன்காரர்கள் இன்றும் சாவதற்கு அதன் பங்காளிச் சொல்லான "ஷ்டெர்பன்" என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் பிறகு அது மெல்லச் சாவது என்று குறுகி, தெற்கே பசியால் சாவதாகவும் வடக்கே குளிரால் சாவதாகவும் பிரிந்துவிட்டது. வடக்கே யார்க்‌ஷயர் பக்கத்துப் பழைய ஆள் "ஐ ஆம் ஸ்டார்வ்ட்" என்றால் சாப்பாடு போட வேண்டாம், கதவைச் சாத்தினால் போதும். இது கொச்சை, அது செம்மை என்று எதை வைத்துச் சொல்வது? இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். லண்டன் பக்கம் போனதற்கு நல்ல வேலை கிடைத்தது, அவ்வளவுதான்.

"ஸ்டிங்க்" எடுத்தபோது எழுந்து நின்றேவிட்டேன். இன்று நாற்றமடிப்பது. ஆரம்பத்தில் எந்த வாசனை வந்தாலும் அதுதான் வினைச்சொல், இனிய மணம் வீசுவதற்கும் அதையே எழுதியிருக்கிறார்கள். ஆண்டாள் "கருப்பூரம் நாறுமோ" என்று கேட்டதை இன்று ஒரு பையனிடம் சொன்னால் மூக்கைப் பொத்திக்கொள்வான் இல்லையா, அதே கதை அங்கேயும் நடந்திருக்கிறது.

"நைஸ்" இன்னும் மோசம். லத்தீனில் "அறியாதவன்" என்பதிலிருந்து வந்து, முதலில் முட்டாள் என்ற பொருளில் நுழைந்து, பிறகு நாணம், நுணுக்கம், பிகு என்று ஊரெல்லாம் சுற்றி, கடைசியில்தான் நமக்குத் தெரிந்த "நைஸ்" ஆனது. 16, 17ஆம் நூற்றாண்டு உதாரணங்கள் பலவற்றில் எழுதியவர் எந்தப் பொருளில் எழுதினார் என்று சொல்வதே கடினம் என்று அகராதிக்காரர்களே கையை விரித்துவிடுகிறார்கள். இப்படி ஒப்புக்கொள்கிற அகராதியை எனக்குப் பிடிக்கிறது.

நம் ஊர்ச் சரக்கும் உண்டு. மிளகுத்தண்ணீர் "மல்லிகட்டானி" ஆகியிருக்கிறது, சுருட்டு "செரூட்" ஆகியிருக்கிறது. கட்டுமரம் "கேட்டமரான்" ஆனது தெரிந்த சங்கதிதான், அதற்குச் சண்டைக்காரி என்று இன்னொரு பொருள் இருப்பதை இங்கேதான் பார்த்தேன். எந்தத் துறைமுகத்தில் யார் யாரைத் திட்டி அது ஒட்டிக்கொண்டதோ! அப்புறம், வாட்ஸ்அப்பில் சுற்றும் "கேஷ் என்பது நம் காசு" கதை. இதில் "கேஷ்" இரண்டு தனிப் பதிவு. பணம் என்ற கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சில்லறை நாணயம் இன்னொரு கேஷ், அது போர்ச்சுகீசியர் வாய் வழியாகப் போன நம் காசு. பாதி உண்மை. குடும்ப குரூப்பில் இதைச் சொன்னதற்குச் சித்தப்பா இரண்டு நாள் பேசவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது "தௌ". ஆங்கிலத்தில் நீ, நீங்கள் வித்தியாசமே இல்லை என்று நம்மவர்கள் பெருமையாகவோ இளப்பமாகவோ சொல்வார்கள். இருந்தது. "தௌ" நீ, "யூ" பன்மை. பெரிய மனிதர்களுக்கு மரியாதைக்காக யூ போட்டுப் போட்டு, கடைசியில் எல்லோரும் யூ ஆகி, நீ செத்துப்போனது. "தௌ" என்பதையே வினைச்சொல்லாகவும் வைத்திருக்கிறார்கள், அதாவது ஒருவரை "நீ வா போ" என்று பேசுவது. 1603இல் கடலோடி வால்டர் ராலே மீதான ராஜத்துரோக வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், "துரோகியே, உன்னை நீ என்றுதான் சொல்வேன்" என்று கத்தியது அதற்குப் பேர்போன உதாரணம். பொது ஆங்கிலத்தில் போய்விட்டாலும் யார்க்‌ஷயரில் அது "தா" என்று வெகுநாள் பிழைத்துக் கிடந்தது. என்னை நீ என்னாதே, உன்னை நீ என்பவனைப் போய் நீ என்று சொல் என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு. நம்ம ஊர்ச் சண்டைதான்.

குறைகளுக்கு வருகிறேன். வட்டார வழக்குக்கு இது போதாது. தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே ஸ்காட்லாந்து எல்லைப்பகுதிக்காரர், தன் பக்கத்துப் பேச்சுவழக்கைப் பற்றி 1873இலேயே நூல் எழுதியவர். ஆனாலும் அகராதி பெரும்பாலும் அச்சேறிய எழுத்தையே நம்புகிறது. எழுத்தில் ஏறாத கிராமத்துச் சொல் வெளியே நிற்கிறது. அந்த வேலையைச் செய்தவர் ஜோசப் ரைட். ஆறு வயதில் கழுதை ஓட்டும் வேலைக்குப் போய், பஞ்சாலையில் கிடந்து, பதினைந்து வயதில்தான் எழுத்துக்கூட்டப் படித்து, கடைசியில் ஆக்ஸ்ஃபர்டில் பேராசிரியராக உட்கார்ந்த ஆள். அவருடைய ஆங்கில வட்டார வழக்கு அகராதி 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதியாக வந்தது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக் பல்கலைக்கழகம் அதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ருசி. உதாரணத்துக்கு விரியன் பாம்புக்கு ஆங்கிலத்தில் "ஏடர்". முதலில் அது "நேடர்". "எ நேடர்" என்பதை "அன் ஏடர்" என்று தப்பாகப் பிரித்து, தலையிலிருந்த "ந" எழுத்தைத் தொலைத்துவிட்டார்கள். வடக்கத்திக் கிராமங்களில் மட்டும் "நெடர்" என்று அந்த எழுத்தோடு சொன்னார்கள். அப்படியானால் யார் சொன்னது தப்பு?

அடுத்த குறை, காலம். 1933க்குப் பிறகு உலகம் நின்றுவிட்டது. "கம்ப்யூட்டர்" எடுத்தால், கணக்குப் போடும் ஆள் என்று இருக்கிறது, வானாய்வுக் கூடங்களில் அப்படிச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்களாம். எனக்கு இது போனஸ், அவசரத்துக்குப் பொருள் தேடுபவருக்கு எரிச்சல். உச்சரிப்புக் குறிகளும் இன்றைக்கு எல்லோரும் பயன்படுத்தும் முறையில் இல்லை, மரே தானே உருவாக்கிய முறை. பாண்ட்மெய்ட், அதாவது அடிமைப்பெண், என்ற சொல்லை B எழுத்தில் தேடாதீர்கள், அதற்கான குறிப்புகள் எழுதிய துண்டுச்சீட்டுகள் அன்று காணாமல் போய்விட்டதால், கடைசியில் இருக்கும் 1933 பிற்சேர்க்கையில்தான் வந்திருக்கிறது. நான் தேடிப் பார்த்துவிட்டேன். லென்ஸோடு ஒரு மணி நேரம்.

இணையப் பதிப்புக்குச் சந்தா கட்டலாமே என்பீர்கள். தினசரி வேலைக்கு அதுதான் சரி, 2000இலிருந்து பதிவுகளைத் திருத்திக்கொண்டே வருகிறார்கள், காம்பேக்ட்டை அதற்குப் போட்டியாக நினைக்கவே கூடாது. ஆனால் அங்கே தேடியதுதான் கிடைக்கும். இங்கே ஸ்டிங்க் தேடப்போய், லென்ஸ் அரை அங்குலம் நழுவி, வேறெதையோ படித்துக்கொண்டிருப்பேன், அதற்குள் காபி ஆறிவிடும்.

வாங்கலாமா? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வேண்டாம், கண் கெடும். எட்டடி அறையில் குடியிருப்பவர்களுக்கும் வேண்டாம். மொழிக் கிறுக்கு இருந்து, வெளிச்சமான மேசையும் இருந்தால் 5,000 வரை தாராளமாகக் கொடுக்கலாம். கரையான் பார்த்து, அட்டையின் முதுகுத் தையல் பிரியவில்லையா என்று பார்த்து, A முதல் O வரை ஒன்று, P முதல் Z வரை ஒன்று என இரண்டும் ஒரே பதிப்புதானா என்று பார்த்து வாங்குங்கள்.

1987இல் மூன்றாவதாக ஒரு தொகுதி வந்தது, பிற்காலச் சொற்களுக்கான பிற்சேர்க்கை. அது வந்திருப்பதாகப் போன வாரம் கடைக்காரரே கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "பெட்டி கிடையாது, டிராயர் கிடையாது, லென்ஸும் கிடையாது சார், புக் மட்டும்தான்" என்றார்.