1,997 டாலருக்கு நான் படித்த ஹோல்சேலிங் கோர்ஸ்

போன வருஷம் வேலை போயிருந்த நேரம். டாலஸ் பக்கம் வீட்டில் உட்கார்ந்து யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "கையில் காசே இல்லாமல் வீட்டு வியாபாரம்" என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. 1,997 டாலர் கட்டிச் சேர்ந்துவிட்டேன். கோர்ஸ் பெயர் வேண்டாம். 5க்கு 2 ஸ்டார், அதுவும் கணக்குப் பாடத்துக்காக மட்டும்.

விஷயம் ரொம்ப எளிது. விற்க அவசரப்படுகிறவரைப் பிடித்துக் குறைந்த விலைக்கு அக்ரிமென்ட் போட வேண்டும். பிறகு வீட்டை வாங்காமல், அந்த அக்ரிமென்ட்டையே ரொக்கம் வைத்திருக்கும் இன்வெஸ்டருக்குக் கை மாற்றிவிட்டு நடுவில் நிற்கும் தொகையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரில் அட்வான்ஸ் கொடுத்து, பத்திரம் பதியும் முன்பே இடத்தை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்களே, அதன் அமெரிக்க அவதாரம். அப்பாவிடம் போனில் விளக்கினேன். "இதையா காசு கட்டிப் படிக்கிற?" என்றார்.

கணக்குப் பாடம் நன்றாகவே இருந்தது. ரிப்பேர் முடிந்தபின் வீடு என்ன விலைக்குப் போகும் என்று பார்த்து, அதில் 70 சதவீதம் எடுத்து, ரிப்பேர் செலவையும் நம் கூலியையும் கழித்தால் மிஞ்சுவதுதான் நாம் கேட்க வேண்டிய விலை. பக்கத்துத் தெருவில் விற்ற வீடுகளை வைத்து விலை கணிப்பதையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

வீட்டுக்காரர்களைத் தேடும் பாடத்தில்தான் வயிறு பிசைய ஆரம்பித்தது. வரி பாக்கி வைத்தவர்கள், விவாகரத்து வழக்கில் இருப்பவர்கள், வீட்டில் சாவு விழுந்தவர்கள் என்று லிஸ்ட் வாங்கச் சொல்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு மூன்று லிஸ்டில் வந்தால் கொண்டாட்டம். ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் மெசேஜ் அனுப்பும் சாஃப்ட்வேரும் கோர்ஸோடு வந்தது. அனுமதியில்லாத மெசேஜ் ஒவ்வொன்றுக்கும் 500 டாலரிலிருந்து 1,500 வரை கேட்டு வழக்குப் போட ஃபெடரல் சட்டத்தில் இடம் உண்டு என்று எந்த வீடியோவிலும் இல்லை. என் மனைவி தேடிப் படித்துச் சொன்னாள். மெசேஜை விட்டுவிட்டு, கையெழுத்து மாதிரி அச்சடித்த 500 கார்டுகளைத் தபாலில் அனுப்பினேன். மூன்று பேர் கூப்பிட்டார்கள். அதில் இரண்டு பேர் திட்டுவதற்கு.

மூன்றாவது ஒரு வயதான அம்மா. கணவர் தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது, சொத்து வரி பாக்கி. கோர்ஸ் கணக்குப்படி வீடு 2,10,000 போகும். அதில் 70 சதவீதம் 1,47,000. ரிப்பேருக்கு 45,000, எனக்கு 12,000 கழித்து 90,000 என்றேன். ஒத்துக்கொண்டார். கையெழுத்துப் போடும் முன், "குடும்பத்தோடு இங்கே குடிவரப் போகிறாயா?" என்று கேட்டார். கோர்ஸில் இதற்கென்றே எழுதிவைத்த வசனம் உண்டு: "நானோ என் பார்ட்னர்களோ வாங்குவோம்." சொன்னேன். எனக்குப் பார்ட்னர் யாரும் இல்லை. வங்கியில் 90,000மும் இல்லை. முன்பணம் 100 டாலர்.

டெக்ஸாஸில் அக்ரிமென்ட்டைக் கை மாற்றப் போகிறோம் என்பதை வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து அப்படி. வாரக் கூட்டத்தில் கோச்சிடம் கேட்டேன். வாங்குபவர் பெயருக்குப் பக்கத்தில் "அல்லது அவரது உரிமை பெற்றவர்" என்று போட்டாலே போதும் என்றார். இல்லினாயில் 12 மாதத்தில் ஒன்றுக்கு மேல் செய்தால் லைசென்ஸ் வேண்டும், பென்சில்வேனியாவில் வீட்டுக்காரர் 30 நாள் வரை பின்வாங்கலாம். இவர்களோ 50 மாநிலத்துக்கும் ஒரே ஃபார்ம் கொடுக்கிறார்கள்.

வீட்டைப் பார்க்க வந்த இன்வெஸ்டர்கள் நேராகச் சுவரில் இருந்த விரிசலைத்தான் பார்த்தார்கள். இந்தப் பக்கத்துக் களிமண் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும். அஸ்திவாரம் அதோடு ஆடும். ரிப்பேர் 70,000 என்றார்கள். அப்படியானால் அவர்கள் கணக்கில் வீடு மொத்தமே 77,000தான், என் 90,000ஐ யார் தொடுவார்கள்? இதற்கும் பாடம் இருந்தது. பத்திரம் பதியும் கடைசி வாரம் வரை வாயைத் திறக்காதே. வீட்டுக்காரர் மூட்டை கட்டிய பிறகு ரிப்பேர் பில்லைக் காட்டி விலையை இறக்கு. மறுத்தால், அக்ரிமென்ட் இருப்பதாகச் சொத்துப் பதிவு நடக்கும் கவுன்டி ஆபீஸில் பதிவு செய்துவிடு, வேறு யாருக்கும் சுலபமாக விற்க முடியாது.

அந்த வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். நான் வாங்குகிறவன் இல்லை என்று சொன்னேன். ஹாலில் பாதி சாமான் பெட்டியில் ஏறியிருந்தது. திட்டவில்லை. "அப்போ இத்தனை நாள் வந்தவர்கள் யார்?" என்று மட்டும் கேட்டார். அக்ரிமென்ட்டை ரத்து செய்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பிறகு ஒரு ஏஜென்ட் மூலம், இருக்கிற நிலையிலேயே, 1,18,000க்கு வீட்டை விற்றிருக்கிறார். வீட்டு விற்பனைக்கான பத்திர வேலைகளைப் பார்க்கும் டைட்டில் கம்பெனியில் அந்த ஏஜென்ட்டைப் பார்த்தபோது அவரே சொன்னார். கமிஷன் போனாலும் என் விலையைவிட எங்கேயோ மேல்.

இந்தத் தொழிலை நேர்மையாகச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. பாழடைந்த, பேங்க் லோனே கிடைக்காத வீடுகளுக்கு இப்படி ஒரு வழி தேவைதான். முதல் நாளே "நான் வாங்கப் போவதில்லை, ஆள் பிடித்துக் கொடுப்பேன், என் கூலி இவ்வளவு" என்று சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அதை எப்படிச் சொல்வது என்று இந்த 62 வீடியோவில் ஒன்றும் கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "கடைசி வாரப் பேரம் என்ற படியை நீங்கள் செய்யவில்லை, ஆகவே கியாரன்டி செல்லாது" என்று மெயில் வந்தது. அடியிலேயே அடுத்த லெவல் கோச்சிங்குக்கு 30 சதவீதத் தள்ளுபடி கூப்பன்.