செராமிக் பிரேக் பேட்: 22 மாதம், 26,000 கிலோமீட்டர், தினமும் ஒரு முதல் பிரேக்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். அவருடைய காரில் முன்சக்கர பிரேக் பேட் தேய்ந்துவிட்டதாம். "நீ செராமிக் போட்டியே, எப்படிடா இருக்கு? போடலாமா?" என்றார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்பதற்கு இரண்டு நாள் முன்புதான் எங்கள் வீட்டு வாசலில் அந்தச் சம்பவம் நடந்திருந்தது. அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

வண்டி பத்து வருஷப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிப்பதுதான் பேட். எனவே செராமிக், அதாவது இரும்பு நாருக்குப் பதில் பீங்கான் நார் கலந்த பேட், முன் இரண்டு சக்கரங்களுக்கு மட்டும்தான். வாரநாட்களில் சரவணம்பட்டியிலிருந்து அவிநாசி ரோடு வரை ஆபீஸ் ஓட்டம், மாதம் ஒருமுறை வால்பாறையில் மாமனார் வீடு. சாதாரண பேட் செட் 1,500 ரூபாய் சொன்ன கடையில் இதற்கு 3,400 கொடுத்தேன். டிஸ்க்கில் கோடு விழுந்திருந்ததால் அதையும் லேத்தில் கொடுத்துச் சீவிக்கொண்டேன். பழைய கோட்டின் மேல் புது பேட் போட்டால் எந்த பேட்டும் ஒழுங்காக உட்காராது. இன்னொன்று, பல லட்ச ரூபாய் ஆகும் கார்பன் செராமிக் டிஸ்க் வேறு சமாசாரம். போர்ஷே 2001-இல் 911 ஜிடி2-வில் கொடுத்த வகை அது. இது நம் வீட்டு இரும்பு டிஸ்க்கில் உரசும் பேட், அவ்வளவுதான்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்கிறேன். அது உண்மையான சந்தோஷம்.

பழைய பேட் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் அலாய் வீலுக்கே போய்விடும். பின்சக்கரம் சாம்பல் நிறத்தில் இருக்கும், முன்சக்கரம் அடுப்புக்கரி பூசியது போல இருக்கும். அந்தக் கறுப்பு வெறும் தூசி இல்லை. பேட்டில் இருக்கிற இரும்பு நாரும், டிஸ்க்கிலிருந்து உரசி வந்த இரும்புத் துகளும் கலந்தது. மழைத்தண்ணீர் பட்டால் அதுவே துருப்பிடித்து வீலில் பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொள்ளும். பனியன் துணியில் ஷாம்பு தொட்டுத் தேய்த்தாலும் ஸ்போக் சேரும் இடுக்கில் அசையாது. அங்கே பழைய டூத் பிரஷைத்தான் விடவேண்டும். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு திங்கள்கிழமை ஆபீசில் சாப்பிடும்போதும் தெரியும்.

செராமிக் மாற்றி மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தேன், வீலைத் துடைக்கவே இல்லை. குனிந்து விரலால் தடவிப் பார்த்தால் திருநீறு போல வெளிர்சாம்பல் பொடி கொஞ்சம் வந்தது. ஹோஸ் பைப்பைக் காட்டியதும் ஓடிவிட்டது. இருபத்திரண்டு மாதமாக இதே கதைதான். சத்தமும் இல்லை. முன்பெல்லாம் மழைநாள் காலையில் ரிவர்ஸ் எடுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் கீச்சொலி வரும். அதுவும் நின்றுபோனது.

வால்பாறை இறக்கத்தில் இதை நன்றாகவே சோதித்திருக்கிறேன். ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். பழைய பேட்டில் ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்ட் பக்கம், வரையாடு பார்க்கலாமென்று நிறுத்திக் கதவைத் திறந்தால் கருகல் வாடை அடிக்கும். இப்போது அது இல்லை. பெடல் மேலே எவ்வளவு அழுத்தமாக இருந்ததோ கீழேயும் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமை முழுவதையும் பேட்டுக்குக் கொடுத்தால் அது நியாயமில்லை. மாமனார் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், "மாப்பிள்ளை, ஏறுன கியர்லயே இறங்கணும். வண்டியை இஞ்சின் பிடிக்கட்டும், பிரேக் வளைவுக்கு மட்டும் போதும்" என்றார். அதிலிருந்து இரண்டாவது கியரில்தான் இறங்குகிறேன். வாடை நின்றதில் அவருக்கும் பங்கு உண்டு.

சரி, இனி எரிச்சலுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டு கேட்டிலிருந்து மெயின் ரோடு ஐம்பது மீட்டர்கூட இருக்காது. அந்த ஐம்பது மீட்டரும் இறக்கம். வண்டியை எடுத்த அரை நிமிடத்தில் அன்றைய முதல் பிரேக்கை அங்கேதான் மிதித்தாக வேண்டும். பழைய பேட்டில் காலை வைத்ததுமே கவ்வும். இதில் அந்த முதல் மிதியில் ஒரு தயக்கம் இருக்கிறது. பிடிக்காமல் இல்லை, பிடிக்கும். ஆனால் நினைத்த இடத்தைத் தாண்டி ஒரு முழம் போய் நிற்கும். இரண்டாவது மிதி பரவாயில்லை, நான்காவது மிதியில் எந்தக் குறையும் இல்லை. ராத்திரி மழை பெய்திருந்தால் இன்னும் கொஞ்சம் மோசம்.

பேட் புதுசு, இன்னும் பதியவில்லை என்று முதலில் நினைத்தேன். மாற்றிக்கொடுத்த இடத்தில் யாரும் பதிய வைக்கச் சொல்லவில்லை. நானே விசாரித்து, ஒரு ஞாயிறு விடியற்காலையில் நீலாம்பூர் பைபாஸுக்குப் போனேன். ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துக்குக் குறைக்க வேண்டும், முழுதாக நிறுத்தக் கூடாது. இப்படிப் பதினைந்து தடவை செய்துவிட்டு, பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட்டேன். பேட்டிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படிவதற்காகத்தான் இதெல்லாம். அப்புறம் ஓட்டத்தில் பிரேக் அருமையாகிவிட்டது. காலை முதல் மிதி மட்டும் மாறவில்லை. பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் ஊசிகளுக்கு (பின்) கிரீஸ் போட்டாயிற்று, பிரேக் ஆயில் மாற்றியாயிற்று. அதிலும் ஒரு மாற்றமும் இல்லை.

ஒருநாள் பழைய பேட்டையும் புது பேட்டின் அட்டைப்பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேட்டின் விளிம்பில் நீளமாக ஒரு குறியீடு இருக்கும், அதன் கடைசி இரண்டு எழுத்துகள்தான் உராய்வின் அளவு. இரண்டிலும் எஃப்எஃப். அதாவது உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45 வரை. முதல் எழுத்து சாதாரண நிலைக்கு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய நிலைக்கு. இரண்டும் சமம் என்றால் ஏன் இந்த வித்தியாசம்? தேடிப் படித்தபோது தெரிந்தது, அந்தச் 'சாதாரண' நிலைக்கான அளவே 93 டிகிரி செல்சியஸில்தான் தொடங்குகிறது. காலை ஏழு மணிக்கு எங்கள் வாசலில் நிற்கும் டிஸ்க்கின் சூடு இருபத்தைந்து இருந்தால் அதிகம். அந்த முதல் மிதியைப் பற்றி அந்த இரண்டு எழுத்தும் எதுவுமே சொல்லவில்லை.

காரணம் எனக்குப் புரிந்த வரையில் இதுதான். ராத்திரி ஈரத்தில் டிஸ்க்கின் மேல் லேசாகத் துரு படியும். பழைய பேட்டில் இருந்த இரும்பு நார் அதை முதல் உரசலிலேயே சுரண்டி எறிந்துவிடும். செராமிக் அப்படிச் சுரண்டாது. தன் படலத்தின் மேல் மெதுவாகப் பதிந்து பிடிக்கும். சுரண்டாததால்தான் கறுப்புத் தூள் இல்லை, வீல் சுத்தம், சத்தமும் கம்மி. நான் கொண்டாடியதும் நான் எரிச்சல்பட்டதும் ஒரே குணம். எல்லா கம்பெனி செராமிக்கும் இப்படித்தான் இருக்குமென்று சொல்ல மாட்டேன். கலவை ஆளுக்கு ஆள் வேறு. என் பேட் இப்படி.

நான் இதற்குப் பழகிவிட்டேன். கேட்டைத் தாண்டியதும் இடது பக்கம் பார்த்தபடியே பிரேக்கை இரண்டு முறை லேசாகத் தொட்டுவிடுவேன், டிஸ்க் துடைத்துக்கொள்ளும். அது கைப்பழக்கம் மாதிரி வந்துவிட்டதால், வீட்டில் சொல்லி வைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. அது என் தப்பு.

அன்றைக்கு மகளைப் பள்ளியில் விட மனைவி வண்டியை எடுத்தாள். ராத்திரி நல்ல மழை. இறக்கத்தின் முடிவில், முன்னால் ஒரு குழந்தையை நிற்க வைத்துக்கொண்டு ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. மிதித்தாள். வண்டி நின்றது. பம்பருக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. நான் கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் குழந்தையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு போனார். மனைவி இறங்கி வந்து, "பிரேக் பிடிக்கலைங்க" என்றாள். பிடித்தது, லேட்டாகப் பிடித்தது என்று அவளிடம் விளக்க எனக்கு வாய் வரவில்லை.

நண்பருக்கு என் பதில்: உன் வீட்டிலிருந்து மெயின் ரோடு இரண்டு கிலோமீட்டர், சமதரை, நடுவில் நாலு வேகத்தடை. நீ தாராளமாகப் போடு. டிஸ்க்கைச் சீவு, பேட்டைப் பதிய வை, வண்டியை வேறு யார் ஓட்டினாலும் காலையில் இரண்டு முறை தொட்டுவிடச் சொல். ஞாயிற்றுக்கிழமை உனக்குத் திரும்பக் கிடைக்கும்.

நான் கழற்றுகிறேன். இன்னும் ஆறு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது, மூன்றுக்கு வரும்போது மாற்றினால் போதும். இன்னொரு வருஷம் தாராளமாக ஓடும் பேட் அது. ஓட்டத்தில் நான் மிதித்ததிலேயே நல்ல பிரேக்கும் இதுதான். நேற்று ராத்திரி இதையெல்லாம் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வீல் பழையபடி கறுத்துப்போகும் என்றும் சொன்னேன். "கறுத்தா நான் தொடைக்கிறேன். நீங்க மாத்திடுங்க" என்றாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒர்க்ஷாப்பில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.