வாத்தியார் முறையா, ஸ்டானிஸ்லாவ்ஸ்கி முறையா: 48 மணி நேரத்தில் ஒரு மயானக் காட்சி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டக் கோயில் திருவிழா. அரிச்சந்திரன் கதையின் மயானக் காட்சியை மேடையேற்ற வேண்டும். கையில் இருப்பது எட்டு வாரம். வாரத்துக்கு 3 மாலை, மாலைக்கு 2 மணி நேரம் என்றால் மொத்தம் 48 மணி நேரம். அரிச்சந்திரனாக நடிப்பவர் செம்பனை வெட்டுகிறவர். அவன் மனைவி சந்திரமதிக்கு ஐந்தாம் படிவ (இடைநிலைப் பள்ளி) மாணவி. வீரபாகுவுக்கு ஈப்போவில் 12 மணி நேர ஷிப்டு பார்ப்பவர். இவர்களை எந்த முறையில் தயார் செய்வது?

பாட்டும் செந்தமிழ் வசனமும் உள்ள நாடகம் என்றால் வாத்தியார் முறைதான் அடித்தளம். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியிடமிருந்து கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். அழ வைக்கும் பயிற்சியை மட்டும் தொடவே வேண்டாம்.

வாத்தியார் முறை

தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பால சபையில் (சிறுவர் நாடகக் குழுவில்) பிள்ளைகள் கம்பெனியிலேயே தங்கிப் பயின்றார்கள். நாள் முழுக்கப் பாடம்தான். அந்த நேரம் இன்றைக்கு யாரிடமும் இல்லை. ஆனால் அந்த முறையின் சாரம் 48 மணி நேரத்துக்குள் அடங்கும்: காதால் வாங்கி வாயால் திருப்புவது. வாத்தியார் ஒரு வரி சொல்வார், நடிகர் திருப்பிச் சொல்வார். முதலில் மூன்று முறை நிதானமாக, பிறகு மூன்று முறை தாளத்தோடு. கையில் தாள் இருக்கக் கூடாது. ஒரு மாலைக்குப் பன்னிரண்டு வரிக்கு மேல் ஏற்றினால் மறுநாள் பாதி நிற்காது.

நம்மூரில் இந்த முறைக்கு இன்னொரு பயனும் உண்டு. மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளைகள் பலர் வசனத்தை ரூமி எழுத்தில் (மலாய்க்கான ஆங்கில எழுத்தில்) எழுதி வைத்துப் படிக்கிறார்கள். அதில் ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாகிப் போகும். ‘வாழ்’ எது, ‘வாள்’ எது என்று நாக்குக்குத் தெரியாது. அவர்களுக்கு வாத்தியாரின் குரலை வாட்ஸ்அப்பில் பதிந்து அனுப்புங்கள். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அதே நீளத்துக்கு இடைவெளி விட்டுப் பதிய வேண்டும். ஷிப்டுக்குப் போகும் பேருந்திலேயே பாடம் ஏறிவிடும்.

அடுத்தது வரியின் கடைசி. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் முடிவில் உட்கார்ந்திருக்கிறது. மூச்சு தீர்வதும் அங்கேதான். ‘கொடுத்தேன்’ என்றாரா, ‘கொடுக்க மாட்டேன்’ என்றாரா என்பது கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. தகரக் கூரை மண்டபத்தில் மழை பிடித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். மருந்து எளிது: ஒருவர் கடைசி வரிசையில் நின்று வினைச்சொல்லை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் நடிகர் அந்த வரியை மறுபடி எடுக்க வேண்டும், மூச்சை வினைக்கு முன்னால் வாங்கி.

சுருதியில் நடக்கும் தவறு பழையது. ஆர்மோனியக்காரர் தமக்கு வாகான கட்டையில் (சுருதி உயரத்தில்) வாசிப்பார், நடிகர் தொண்டையைக் கிழிப்பார், மூன்றாவது பாட்டிலேயே குரல் போய்விடும். முதல் வாரத்திலேயே நடிகர் சிரமமில்லாமல் தொடும் மேல் சுரத்தைப் பார்த்துக் கட்டையைக் குறித்துவிடுங்கள். அரைக் கட்டை இறக்குவதென்றால் மேடையேறும் நாளுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே இறக்க வேண்டும். அன்றைக்கே இறக்கினால் பழகிய தொண்டை பழைய இடத்தையே தேடும்.

இந்த முறையின் குறை, நகல். இருபது வயதுப் பையன் அறுபது வயது வாத்தியாரின் இருமலையும் சேர்த்துக் கற்றுக்கொள்வான். எதிரில் நிற்பவர் ஒரு வரியை விட்டுவிட்டால் இவனும் மரம்போல் நின்றுவிடுவான்.

ஸ்டானிஸ்லாவ்ஸ்கி முறை

மாஸ்கோ கலை அரங்கை 1898-இல் நிறுவிய இருவரில் ஒருவர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. அவர் வழியில் முதல் வேலை மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்பது. இவன் எங்கிருந்து வருகிறான், இப்போது இவனுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது?

மயானக் காட்சியில் இந்தக் கேள்விகளின் பலன் உடனே தெரியும். இறந்த மகன் லோகிதாசனின் உடலோடு சந்திரமதி வருகிறாள்; பிணம் சுட, மயானம் காக்கும் அரிச்சந்திரன் கேட்பது கால் பணம், முழத் துண்டு, வாய்க்கரிசி. இதில் வாய்க்கரிசிதான் அவன் கூலி. பணமும் துண்டும் அவனை விலைக்கு வாங்கிய வீரபாகுவுக்குச் சேர வேண்டியவை. தன் பங்கை அவன் விட்டுக்கொடுக்கலாம். ஆண்டையின் பங்கில் கை வைத்தால் சத்தியம் போயிற்று. இதை அறியாத நடிகர் அந்த இடத்தில் சந்திரமதியை அதட்டுவார். அறிந்தவர் கேட்கக் கூசுவார், கூசிக்கொண்டே கேட்பார். காட்சியின் கனமே அந்தக் கூச்சத்தில்தான் இருக்கிறது. இரண்டு மாலை மேசை வேலைக்குக் கொடுத்தால் போதும். நான்கு மாலை ஆனால் பேச்சு வளரும், உடம்பு எழாது.

இதே மரபிலிருந்து வந்ததுதான் உணர்ச்சி நினைவு. நடிகர் தன் சொந்தத் துக்கத்தைத் தோண்டி மேடைக்குக் கொண்டுவருவது. அமெரிக்காவில் நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க் இதைத் தலைமேல் வைத்தார். அமெரிக்க நடிகை ஸ்டெல்லா ஆட்லர் 1934-இல் பாரிஸில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியையே சந்தித்துப் பயின்று திரும்பி, கதையின் சூழ்நிலைதான் முதன்மை, சொந்த நினைவுக்கு இத்தனை அழுத்தம் கூடாது என்று வாதிட்டார். தோட்ட நாடகத்துக்கு ஆட்லர் பக்கமே சரி. லோகிதாசனின் உடலை மடியில் போட்டு அழும் மாணவியிடம், ‘உங்க வீட்டுல யாரு செத்தாங்கன்னு நினைச்சுக்கோம்மா’ என்று சொல்வது கொடுமை. அப்படிச் சொல்லும் இயக்குநருக்கு, கிளறிய காயத்தை ஆற்றி அனுப்பத் தெரியாது. தொழில் முறையிலும் அது நிற்காது: கண்ணீர் முதல் ஒத்திகையில் கொட்டும், நான்காவதில் வராது. வந்தாலும் தொண்டை அடைத்து ஒப்பாரியின் சுருதி கீழே விழும்.

அதற்குப் பதில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி தம் கடைசிக் காலத்தில் நம்பியதையே எடுத்துக்கொள்ளலாம்: உணர்ச்சியைத் தேடாமல் செயலை வரிசைப்படுத்துவது. சந்திரமதியின் தாலி கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்பது கதை. அந்தக் கணத்தை இப்படிப் பிரியுங்கள். அரிச்சந்திரனின் வலது கையில் கோல். இடது கை கால் பணத்துக்காக நீண்டிருக்கிறது. பார்வை முகத்திலிருந்து கழுத்துக்கு இறங்குகிறது. நீண்ட கை அப்படியே நிற்கிறது. விரல்கள் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மடங்குகின்றன. கோல் ஒருமுறை தரையில் தட்டுகிறது. அதற்குப் பிறகே குரல். இதை முப்பது முறை செய்தவருக்கு, எந்த இரவிலும், எந்தக் கூட்டத்திலும் அந்த இடம் தவறாது. கூத்து வாத்தியார் அடவாக (அசைவுத் தொகுதியாக) சொல்லிக்கொடுப்பதும் ஏறக்குறைய இதுதான். அடவு எதற்காக என்ற காரணம் மட்டும் இங்கே கூடுதலாகச் சேர்கிறது.

மைஸ்னர் பயிற்சி

அமெரிக்க நடிப்பு ஆசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னரின் திருப்பிச் சொல்லும் பயிற்சி ஒன்றே போதும். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ‘நீ கைய பிசையுற’ என்று ஒருவர் சொன்னால் மற்றவர் ‘நான் கைய பிசையுறேன்’ என்பார். எதிரில் இருப்பவரிடம் ஏதாவது மாறும்வரை வாக்கியம் மாறாது. ஐந்தாம் வாரத்திலிருந்து ஒத்திகைக்கு முன் 10 நிமிடம். தன் முறைக்காகக் காத்திருக்காமல் கேட்கப் பழகுவார்கள், வரி விட்டுப்போனாலும் சமாளிப்பார்கள். பாட்டு வரிகளில் மட்டும் இதைக் கலக்காதீர்கள், தாளம் கெடும்.

வேட்டி, கம்பளி, கோல் மூன்றும் ஆறாம் வாரத்திலேயே வந்துவிட வேண்டும். டிராக் பேண்ட்டில் பழகியவர் மேடையில் வேட்டி நுனியை மிதித்து விழுவார்.

தோட்டம் விற்கப்பட்டு லயத்தை (தொழிலாளர் குடியிருப்பை) காலி செய்யும் குடும்பத்தைப் பற்றிய இன்றைய நாடகம் என்றால் கணக்கு தலைகீழ். பேச்சு வழக்கில் ஓடும் வசனத்தை வாத்தியார் சொல்லிக்கொடுத்தால் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள். அங்கே மேசையும் மைஸ்னரும் முதலில் வர வேண்டும், வாத்தியார் இடத்தில் ரப்பர் பால் வெட்டிய ஒரு பாட்டி உட்கார வேண்டும். மரம் பார்க்காத பிள்ளைகள் கத்தியை ரம்பம்போல் அறுப்பார்கள். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும், பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சீவிச் சுருண்டு விழும். ஒரு மாலை முழுவதும் பாட்டி கையைப் பிடித்து அதை மட்டும் பழக்கட்டும், வசனம் அடுத்த மாலைக்கு இருக்கட்டும்.