கருங்கடல் வழித்தடத்தில் ஒரு பாலாஸ்ட் நீர்ச் சுத்திகரிப்புக் கருவி: பொறியாளரின் மதிப்பீடு

சரக்கை இறக்கிய கப்பல், நிலைகுலையாமல் பயணம் செய்வதற்காகத் துறைமுகத்திலேயே கடல்நீரை உறிஞ்சித் தன் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு, அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏறும்போது அதைக் கொட்டிவிடுகிறது. அமெரிக்கக் கண்டங்களின் அட்லாண்டிக் கரையோரத்தில் வாழும் நெமியோப்சிஸ் என்னும் சீப்பு ஜெல்லி, 1980களின் தொடக்கத்தில் இத்தகைய பாலாஸ்ட் நீரோடுதான் கருங்கடலுக்கு வந்து சேர்ந்தது. அந்த வழியை அடைப்பதற்கான கருவி ஒன்றை இரண்டு ஒப்பந்தக் காலங்கள் இயக்கியிருக்கிறேன்.

எங்கள் கப்பலில் இருந்தது, 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வடிகட்டியும் புற ஊதா விளக்குகளும் சேர்ந்த வகை. வடிகட்டியில் சிக்கியவை அங்கேயே, அவை பிறந்த நீருக்கே திருப்பிக் கழுவி விடப்படுகின்றன. தப்பியவற்றின் மீது புற ஊதாக் கதிர் பாய்கிறது. நீரை வெளியேற்றும்போது இன்னொரு முறையும் பாய்கிறது. வெளியேறும் நீரில் 50 மைக்ரானும் அதற்கு மேலும் அளவுள்ள உயிர்கள் கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே ஜெல்லி ஆணாகவும் பெண்ணாகவும் இருந்து, துணையில்லாமலே ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடக்கூடியது என்பதை அறிந்தவர்கள் இந்த விதியைக் கடுமையானது என்று சொல்லமாட்டார்கள்.

தெளிந்த நீரில் கருவியைப் பற்றிக் குறையே இல்லை. ஆற்று முகத்துவாரத் துறைமுகங்களில்தான் அது திணறுகிறது. சேற்று நீரில் வடிகட்டி சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே கழுவிக்கொள்ள வேண்டியிருக்கிறது, கலங்கலில் கதிரும் ஊடுருவுவதில்லை. நீரேற்றம் பாதிக்கும் கீழே இறங்க, சரக்கு இறக்குவது தாமதமாகி, எல்லோர் பார்வையும், நீரைச் சுத்திகரிக்காமலே தொட்டிக்கு விட்டுவிடும் பைபாஸ் வால்வின் மேல் விழுகிறது. நாங்கள் அதைத் திறக்கவில்லை. திறந்தால் கருவியின் பதிவேட்டில் தானாகவே பதிவாகிவிடும் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் கிழிந்த வடிகட்டிக்கு மாற்று கேட்டபோது, விற்ற நிறுவனம் மூன்று துறைமுகங்கள் கடந்த பிறகே அனுப்பியது. இதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

மின்பகுப்பால் குளோரின் உண்டாக்கும் வகை இதைவிட எளிது என்பார்கள். அதற்கு உப்பு வேண்டும். கருங்கடலின் மேல்நீரில் உப்பு பெருங்கடலில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான், காஸ்பியனில் இன்னும் குறைவு. ஜெல்லியோ இரண்டிலும் செழிக்கிறது. எனவே இந்த வழித்தடத்துக்குப் புற ஊதா வகையையே பரிந்துரைக்கிறேன்.

விலை அதிகம் என்போர் துருக்கிக் கரையின் ஹம்சி மீனவர்களை நினைக்க வேண்டும். 1989இல் ஜெல்லி பெருகியபோது, மீன் குஞ்சுகளின் உணவான மிதவை உயிர்களையும் நெத்திலி இனமான அந்த ஹம்சியின் முட்டைகளையும் சேர்த்தே தின்றது. அளவுமீறிய பிடிப்பும் ஆறுகள் கொண்டுவந்த உரக்கழிவும் ஏற்கெனவே நலிவித்திருந்த மீன்வளம் சரிந்து விழுந்தது. சீப்பு ஜெல்லிகளையே தின்னும் பெரோயே என்னும் இன்னொரு சீப்பு ஜெல்லி 1997 வாக்கில் அங்கே தோன்றிய பிறகே நிலைமை சற்றுத் தணிந்தது. வோல்கா-டான் கால்வாய் வழியாக 1999க்குள் ஜெல்லி போய்ச் சேர்ந்த காஸ்பியனில் அப்படியொரு எதிரி அன்று இல்லை. கில்கா மீன்பிடிப்பு நொறுங்கியது. மேலே சொன்ன விதியை வகுத்த பன்னாட்டு பாலாஸ்ட் நீர் உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது.

வாங்குவோர், குறிப்பிட்ட கொள்ளளவை விட ஒரு படி பெரிய வடிகட்டியைக் கேட்டு வாங்குங்கள். மாற்று வடிகட்டி ஒன்று கப்பலிலேயே இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள்.