கேங்மேன் குவார்ட்டர்ஸ் மாடல்: பிளாஸ்டிக்கா, மரமா, அட்டையா?

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், கடையம் வழியாகத் தென்காசி செல்லும் பாதையை மாடலாகச் செய்பவர், என்ஜினுக்கும் பெட்டிகளுக்கும் அடுத்தபடியாகத் தண்டவாளத்தைப் பராமரித்த கேங்மேன்களின் குடியிருப்பையும் செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஓட்டுக்கூரையும் சுண்ணாம்பு பூசிய சுவரும் கொண்ட நம் கேங்மேன் குவார்ட்டர்ஸுக்கென்று ஒரு கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் தொகுப்பு) விற்பனைக்கு வந்து நான் பார்த்ததில்லை. எனவே அயல்நாட்டுக் கிட்டுகளில் எது அதற்கு நெருங்கி வரும் என்று பார்ப்பதே நடைமுறைக்கு உகந்தது.

பிளாஸ்டிக் கிட் முதன்முறை கட்டுபவருக்கு எளிது. பாலிஸ்டைரின் பாகங்களின் விளிம்பைக் கரைப்பான் பசை சற்றே இளக்கி ஒன்றோடொன்று உருக்கி இணைப்பதால் மூட்டு உறுதியாக நிற்கும்; சாரல் காலத்து ஈரமும் அதை வளைக்காது. தகரக் கூரைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை. ஆனால் ஜன்னல் சட்டங்கள் பெரும்பாலும் தடித்தே இருக்கும். இங்கிலாந்தின் வில்ஸ் நிறுவனம் வெளியிட்ட பிளேட்லேயர் (அங்கே தண்டவாளம் பராமரிப்பவர்) குடிலைச் சிலர் இதற்குப் பரிந்துரைப்பதுண்டு. அது தொழிலாளர்கள் இளைப்பாறவும் கருவிகளை வைக்கவும் பயன்பட்ட கொட்டகையே ஒழிய, குடும்பம் நடத்திய வீடன்று.

லேசரால் வெட்டிய மரக் கிட்டுகளுக்கு அமெரிக்க ரயில்வேயே தாயகம். அங்கே பாதைப் பணியாளர் வீடுகள் பெரும்பாலும் பலகைச் சுவர் கொண்டவை. பழைய சரக்குப் பெட்டிகளைத் தங்குமிடமாக மாற்றி, வேலை நடக்கும் இடத்துக்கே இழுத்துச் சென்றதும் உண்டு. அவற்றை 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக, மரத்தில் செய்தால் கிடைக்கும் அழகைப் பிளாஸ்டிக் தராது. நம் வீட்டுக்கோ அந்த அழகே இடைஞ்சல். பூச்சுச் சுவர் வேண்டுமென்றால் மரத்தின் ரேகைகளைப் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறைத்தாக வேண்டும். லேசர் கருக்கிய பழுப்பு விளிம்பையும் தேய்த்து எடுக்க வேண்டும். எந்த நயத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்தோமோ அதையே அழிக்கும் வேலை இது.

என் தேர்வு அட்டைதான். மெட்காஃப் போன்ற பிரிட்டிஷ் அட்டைக் கிட்டுகள் செங்கல் அச்சிட்ட சுவரோடு வருகின்றன. அந்த அச்சு நமக்குத் தேவையில்லை, சுவர்களை அடுக்கி ஒட்டும் அதன் முறைதான் தேவை. ஒன்பது அங்குலச் சுவர் 1:87 அளவில் சுமார் 2.6 மி.மீ. வரும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் தடித்த கிரே போர்டை (சாம்பல் நிற அட்டை) இரண்டடுக்காக ஒட்டினால் அந்தத் தடிமன் ஏறக்குறைய அமைந்துவிடும். நிலைக்கதவும் ஜன்னலும் சுவருக்குள் சற்று உள்வாங்கி நிற்கும். இந்த ஆழம்தான் வீட்டை வீடாகக் காட்டுகிறது. கூரையில் மங்களூர் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களின் இடைவெளி சுமார் 320 மி.மீ. என்று கொண்டால், மாடலில் ஒரு வரிசை 3.7 மி.மீ. மட்டுமே. மெல்லிய தாளைச் சற்று அகலமான கீற்றுகளாக நறுக்கி, மேல் கீற்று கீழ்க் கீற்றின் மீது படியுமாறு தாழ்வாரத்திலிருந்து முகடு நோக்கி ஒட்ட வேண்டும். பிறகு முழுக் கூரைக்கும் ஒரே செம்மண் நிறம் அடிக்காமல், ஆங்காங்கே ஓரிரு ஓடுகளைக் கருமையாக்குங்கள். மாற்றிப் போட்ட ஓடும் பாசி படிந்த ஓடும் தனித்தனியே தெரியும்.

அட்டையின் குறை ஈரம். குற்றாலச் சாரல் எட்டும் செங்கோட்டை, தென்காசிப் பக்கத்தில் இருப்பவர்கள் வண்ணம் தீட்டுவதற்கு முன் சுவரின் இருபுறமும் வார்னிஷ் பூச வேண்டும்; ஒரு புறம் மட்டும் பூசினால் மறுபுறம் ஈரத்தை இழுத்துச் சுவர் வளைந்துவிடும். ஃபெவிகாலையும் மெல்லிய படலமாகத் தடவினால் போதும்.

அளவைத் தீர்மானிக்காமல் எந்தக் கிட்டையும் வாங்காதீர்கள். 1904-இல் திறந்து, அகலப்பாதைப் பணிக்காக 2010-இல் மூடிய செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதையைச் செய்வதானால், 1:87 அளவும் 12 மி.மீ. இடைவெளி கொண்ட தண்டவாளமும் நன்கு பொருந்தும். பிரிட்டிஷ் கிட்டுகள் பெரும்பாலும் 1:76. ஆறரை அடிக் கதவு அதில் 26 மி.மீ.; 1:87-இலோ 23 மி.மீ.க்கும் சற்றுக் குறைவு. வித்தியாசம் சிறிதாகத் தோன்றினாலும், வாசலில் ஒரு கேங்மேன் உருவத்தை நிறுத்தியதும் கண்ணை உறுத்தும். ஆகவே 1:76 கிட்டை வாங்கினால் அதன் கதவையும் ஜன்னலையும் ஒதுக்கிவிட்டு, புதிதாக வெட்டிக்கொள்வதே நல்லது.