சிட்னியில புஷ் ஓரத்து வீடு: பூச்சித் தொல்லைக்கு எது வேலை செஞ்சுது, எது செய்யல

நாங்க இருக்கறது ஹார்ன்ஸ்பி பக்கம், பின்னாடி வேலிய தாண்டினா புஷ், அதாவது காடு தான், அதனால பூச்சியே இல்லாத வீடுங்கிற பேச்சுக்கே இங்க இடமில்ல. வருஷக்கணக்கா எல்லாத்தையும் யூஸ் பண்ணி பாத்துட்டு சொல்றேன், காசுக்கு நல்ல பலன் கொடுத்தது கதவுக்கு அடியில ஒட்டற பிரஷ் சீல் தான். ஃபனல் வெப்னு கொடிய விஷச் சிலந்தி ஒண்ணு இருக்கு, அதுல ஆண் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் ஜோடி தேடி ராத்திரில அலையும், மழை பெஞ்சா இன்னும் ஜாஸ்தி, தரையோட தரையா வந்து கதவிடுக்கு வழியா தான் உள்ள நுழையும். சீல் போட்டப்புறம் லாண்ட்ரி ரூம்ல ஒண்ணு கூட பாக்கல.

வருஷா வருஷம் ஆள் வந்து அடிக்கற ஸ்ப்ரே எறும்புக்கு ஓகே, சிலந்திக்கு சுமார் தான், அது கால் நுனில நிக்கற ஜந்து, மருந்து உடம்புல பெருசா படாது. கரப்பானுக்கு ஜெல் தான் பெஸ்ட், ஃப்ரிட்ஜ் பின்னாடி, சிங்க் கப்போர்டு கீல் ஓரம்னு கடுகளவு வச்சா போதும், ஆனா ஜெல் வச்ச இடத்துல ஸ்ப்ரே அடிச்சுடாதீங்க, அந்த வாடைக்கு கரப்பான் கிட்டவே வராது.

ஹன்ட்ஸ்மேன்ங்கற பெரிய சிலந்திய பாத்து பயப்படாதீங்க ப்ளீஸ். உள்ளங்கை அகலத்துக்கு சுவரோட அப்பிக்கிட்டு கெடக்கும், கரப்பான தின்னும், நமக்கு ஆபத்து இல்ல. ரொம்ப பயமா இருந்தா டப்பாவ கவுத்து, அடியில அட்டைய சொருகி வெளிய விட்டுடுங்க, கொல்ல வேண்டாம்.

ரெட்பேக்ங்கற விஷச் சிலந்திகிட்ட தான் நம்மாளுங்க உஷாரா இருக்கணும், ஏன்னா செருப்பு ஷூ எல்லாம் வாசல்ல விடற பழக்கம் நமக்கு. ஷூ ராக்க உள்ள கொண்டு வந்துடுங்க, பிளாஸ்டிக் சேர தூக்கும்போது அடியில பாத்துட்டு கை வைங்க. ரெட்பேக் கடிச்சா ஐஸ் பேக் மட்டும், கட்டு போடக்கூடாது. ஃபனல் வெப்னா நேர்மாறு, கை கால் முழுக்க இறுக்கமா பேண்டேஜ் சுத்தி, அசையாம உக்கார வச்சு, உடனே 000 அவசர நம்பருக்கு போன். 1981ல விஷமுறிவு மருந்து வந்தப்புறம் ஃபனல் வெப் கடிச்சு ஒருத்தர் கூட சாகல. அந்த மருந்துக்கு விஷம் கறக்கறது சென்ட்ரல் கோஸ்ட்ல இருக்கற ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க்ல தான், பொதுமக்கள் பிடிச்சு கொடுக்கற சிலந்திய வாங்கிக்கறாங்க, பத்திரமா கண்ணாடி ஜார்ல பிடிக்க முடிஞ்சா கொடுத்துடுங்க.